கொழுப்பு மாத்திரையும் கேள்வி கேட்கும் உரிமையும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் மரக்காணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழாவில் மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். 25 ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் வழிகாட்டி வந்திருக்கிறது. அந்தக் கல்வி தேர்வு மண்டபத்தில் பயன்பட்டது. வேலை தேடுமிடத்தில் பயன்பட்டது. மருத்துவரின் மேசைக்கு எதிரே உட்காரும்போதும் அது பயன்பட வேண்டும் என்பதே என் உரையின் கருத்து.

இன்று நம் ஊர்களில் 40 வயதைக் கடந்த பலருடைய வீடுகளில் இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று இருக்கிறது. “கொழுப்பு கூடியிருக்கிறது, இந்த மாத்திரையை இரவில் போடுங்கள்” என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அதன் பிறகு நடப்பது இரண்டு வகை. சிலர் ஏன், எதற்கு என்று அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள். சிலர் முதல் மாதத்திலேயே, “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?” என்று நிறுத்திவிடுகிறார்கள். முன்னவர் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். பின்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார். மருத்துவரும் அவரும் கலந்து பேசி முடிவெடுத்தல் என்னும் செயல் இரண்டு இடத்திலும் நடைபெறவில்லை.

தொட மறுத்த கை

அப்பேச்சு நம்மவர்க்கு ஏன் எளிதாக வருவதில்லை? காரணத்தை வரலாற்றில் தேட வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தம் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் நூலில், 1929 டிசம்பர் 12 ஆம் நாள் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்த கடிதமொன்றை எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் நம்மைப்போல் ஒடுக்கப்பட்ட ஓர் ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயுற்றாள். சேரிக்குள் வரமாட்டேன் என்று மருத்துவர் நிபந்தனை விதித்தார். நோயாளியை வெளியே தூக்கிவந்தார்கள். மருத்துவர் வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, அதே வழியில் திருப்பிக் கொடுத்தார். தொடாமலே மருத்துவம் பார்க்கப்பட்டது. அந்தத் தாய் சில நாட்களில் இறந்துபோனாள்.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. நம் சமுதாயத்துப் பெண்களும் ஆண்களும் மருத்துவராக அமர்ந்திருக்கிறார்கள். ஆயினும் வெள்ளை மேலங்கியைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் முற்றும் போய்விடவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ, நமக்கு விளங்குமா என்ற அச்சம் இன்னும் நாவைக் கட்டுகிறது.

அச்சத்திற்கு இடமில்லை என்பதற்கு நம் முன்னோரே சான்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவம் செய்தவர். 1907 இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவரும் அவரே. மருத்துவமும் எழுத்தும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. அண்ணல் அம்பேத்கர் 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். கற்றவன் கேள்வி கேட்பான் என்னும் நம்பிக்கையே அத்தகைய கழகங்களின் அடித்தளம்.

இது பணக்காரர் நோயா?

“கொழுப்பு என்பது நெய்யும் கறியும் தின்கிற பணக்காரனுக்கு வருவது, கூழும் கருவாடும் தின்று வெயிலில் உழைக்கிற நமக்கேன்?” என்று கேட்போர் உண்டு. இது தவறான எண்ணம். இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை நம் உடலே ஆக்கிக்கொள்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. உணவால் வருவது ஒரு பகுதியே. ஆகவே மெலிந்தவருக்கும் உழைப்பாளிக்கும் அது கூடலாம். சில குடும்பங்களில் பிறவியிலேயே மிகுந்திருக்கும்.

கொலஸ்ட்ரால் உடலுக்கு வேண்டிய பொருள்தான். ஆனால் எல்.டி.எல். எனப்படும் வகை இரத்தத்தில் மிகும்போது, இரத்தக் குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிகிறது. படிவு ஒருநாள் வெடித்தால் அங்கே இரத்தம் உறைந்து வழி அடைபடும். இதயத்தில் நேர்ந்தால் மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். படியும் காலமெல்லாம் வலியில்லை. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்பது இந்த ஒரு நோயில் சான்றாகாமல் போவது இதனால்தான்.

52 நாடுகளில் நடந்து 2004 இல் வெளிவந்த ஆய்வொன்றின் தரவுகளைப் பின்னர்ப் பகுத்துப் பார்த்தபோது, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், ஏனையோருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்தமை தெரிந்தது. ஆறாண்டு முன்னதாகவே வருகிறது. ஒருவர் உழைப்பில் உலை ஏறும் வீட்டில், மகள் கல்லூரியில் கால் வைக்கும் வேளையில், அந்த ஆறாண்டு எத்தனை பெரியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பூஞ்சையில் பிறந்த மருந்து

ஸ்டாட்டின் என்னும் இம்மருந்துக் குடும்பத்தின் கதையை இளைஞர்கள் அறிய வேண்டும். வடக்கு ஜப்பானில் உழவர் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்னும் அறிவியலாளர், 1971 முதல் ஈராண்டுகளில் ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, ஒரு பூஞ்சையிலிருந்து 1973 இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டார். கல்லீரல் கொலஸ்ட்ராலை ஆக்கும் வேலையில் ஒரு படியை அது தடுத்தது. அமெரிக்காவின் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் எல்.டி.எல். இரத்தத்திலிருந்து நீங்கும் முறையை விளக்கி 1985 இல் நோபல் பரிசு பெற்றனர். 1987 இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. இன்று நம் ஊர்ச் சீட்டுகளில் பெரிதும் காணும் அட்டோர்வாஸ்டாட்டின் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

‘30 சதவீதம்’ என்றால் என்ன?

இனி உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சற்றுக் கணக்குப் போட வேண்டும், பொறுத்தருள்க.

1994 இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஆய்வொன்று வெளிவந்தது. முன்பே மாரடைப்போ இதய நெஞ்சுவலியோ கண்ட 4,444 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டினும் மறு பாதிக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு கழிந்தபோது, போலி மாத்திரை உண்டவருள் 256 பேரும் மருந்து உண்டவருள் 182 பேரும் இறந்திருந்தனர். அதாவது 100 க்கு 12 என்பது 100 க்கு 8 ஆயிற்று. 100 பேரில் நால்வர் உயிர் காக்கப்பட்டது.

மறு ஆண்டு, 1995 இல், மேற்கு ஸ்காட்லாந்தின் ஆய்வு வந்தது. இதில் பங்கேற்ற 6,595 பேரும் 45 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள், கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள், ஆனால் முன்பு மாரடைப்பு வராதவர்கள். ஏறத்தாழ ஐந்தாண்டில் போலி மாத்திரைக் குழுவில் 248 பேருக்கும் பிரவாஸ்டாட்டின் குழுவில் 174 பேருக்கும் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. 100 பேருக்கு இருவர் என்னும் அளவிற்குச் சற்று மேலாகத் தடுக்கப்பட்டது.

இரண்டு ஆய்விலும் மருந்து ஆபத்தைக் குறைத்த விகிதம் ஏறத்தாழ 30 சதவீதம் என்றே எழுதுவார்கள். சொல் ஒன்று, பயன் வேறு. 100 க்கு 12 பேர் என்னும் ஆபத்தில் 30 சதவீதம் என்பது நான்கு உயிர். 100 க்கு இருவர் என்னும் ஆபத்தில் அதே 30 சதவீதம் ஓர் ஆளைக்கூட எட்டாது. ஆகவே “இம்மருந்து நல்லதா?” என்று கேட்பதைவிட, “என்னுடைய ஆபத்து எவ்வளவு?” என்று கேட்பதே முதற்கேள்வி.

அந்த ஆபத்தைக் கொழுப்பு எண் ஒன்றே தீர்மானிப்பதில்லை. வயது, ஆணா பெண்ணா, இரத்த அழுத்தம், நீரிழிவு, பீடி சிகரெட் பழக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பத்தாண்டு ஆபத்தைக் கணிக்கும் அட்டவணைகளை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்டது; தெற்காசியாவிற்குத் தனி அட்டவணை உண்டு. இரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடத்திற்கென்று உயரமும் எடையும் கொண்டே கணிக்கும் வடிவமும் உண்டு. ஒரே கொழுப்பு எண் உள்ள இருவரில், பீடி குடிக்கும் 60 வயது நீரிழிவுக்காரருக்கு மாத்திரை வேண்டியிருக்கலாம். 35 வயதுப் பெண்ணுக்கு வேண்டாதிருக்கலாம்.

எந்த ஆபத்து அளவில் மாத்திரையைத் தொடங்குவது? இந்தக் கோட்டை மனிதர்களே வரைகிறார்கள்; அதனால் அது நகர்கிறது. பிரிட்டனில் பத்தாண்டில் 100 க்கு 20 என்றிருந்த எல்லை 2014 இல் 10 ஆக்கப்பட்டது. அமெரிக்காவில் 2013 இல் 7.5 என்று வைத்தார்கள். இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024 இல் நம் நாட்டிற்கென நெறிமுறை வெளியிட்டு, எல்.டி.எல். அளவு ஆபத்துக் குறைந்தோர்க்கு 100 க்குக் கீழும், ஆபத்து மிகுந்தோர்க்கு 70 க்குக் கீழும், மிக மிகுந்தோர்க்கு 55 க்குக் கீழும் இருக்க வேண்டும் என்றது. அறிஞர்களே எடைபோட்டு வரையும் கோடு என்றால், கோட்டின் அருகில் நிற்பவருடைய விருப்பத்திற்கும் அங்கே இடம் உண்டு.

கோட்டிலிருந்து வெகு தொலைவில் நிற்பவர்களும் உளர். மாரடைப்போ, அடைப்பால் வந்த பக்கவாதமோ கண்டவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், எல்.டி.எல். 190 ஐத் தாண்டியவர்கள், 40 வயதைக் கடந்த நீரிழிவுக்காரர்கள் ஆகியோருக்கு மருந்தின் பயன் பெரும்பாலும் தெளிவானது. அவர்கள் கேள்வி கேட்கட்டும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்த வேண்டாம். மாரடைப்பு வந்தபின் “இப்போது நலமாகிவிட்டேன்” என்று நிறுத்துவது, கரை உயர்த்தியதால் வெள்ளம் வரவில்லை என்பதை மறந்து கரையை வெட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

உப்பளத்துத் தொழிலாளி கவனிக்க வேண்டியவை

மருந்தென்றால் பக்கவிளைவும் உண்டு. ஸ்டாட்டினைப் பற்றிப் பரவலாகக் கேட்கும் முறையீடு உடல்வலி. 2020 இல் பிரிட்டனில் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், பக்கவிளைவு தாங்காமல் மருந்தை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் மருந்தும், சில மாதம் போலி மாத்திரையும் அடையாளம் தெரியாமல் கொடுத்தார்கள். சில மாதம் எதுவும் கொடுக்கவில்லை. மருந்தில் தோன்றிய தொல்லையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையிலும் தோன்றியது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மையே. ஆனால் பெரும்பாலும் அதன் காரணம் மருந்தன்று. உண்மை அறிந்தபின் அவர்களுள் பாதிப் பேர் மீண்டும் மருந்தை எடுக்கத் தொடங்கினர்.

இந்த ஆய்வு நம் நிலைமையை முழுதும் சொல்லிவிடாது. உப்பளத்தில் பாத்தி மிதித்து, பலகை இழுத்து, உப்பைத் தலையில் சுமந்து அம்பாரம் சேர்க்கும் உடலுக்கு வலியில்லாத நாள் எது? உழைப்பின் வலி எது, மருந்தின் வலி எது என்று பிரித்தறிவது எளிதன்று. தசைச் சிதைவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவும் கடும் உழைப்பினாலேயே உயரும். ஆகவே மாத்திரை தொடங்குமுன்பே “எனக்கு ஏற்கெனவே இந்த இடத்தில் வலி உண்டு, என் வேலை இது, இத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறேன்” என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னாலன்றி அவருக்குத் தெரிய வழியில்லை.

சிறுநீரகத்தையும் மறக்கலாகாது. 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் செய்து 2023 இல் வெளிவந்த ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் அளவிற்குப் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்ததும், 100 க்கு 7 பேரின் சிறுநீரகத் திறன் குறைந்திருந்ததும் தெரியவந்தன. மாத்திரை எடுப்பவர்க்குக் கடுமையான தசைவலியோடு சோர்வும், தேநீர் நிறத்தில் கறுத்த சிறுநீரும் கண்டால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது மிக அரிது, ஆனால் ஆபத்தானது. வெயிலில் நீரின்றி உழைத்தாலும் சிறுநீர் கறுக்கும் என்பதால், “வெயில்தான்” என்று இருந்துவிடக் கூடாது.

நீரிழிவு பற்றியும் கேட்பார்கள். 255 பேர் நான்காண்டு ஸ்டாட்டின் உண்டால் ஒருவருக்குக் கூடுதலாக நீரிழிவு வரலாம் என்று 2010 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தார்கள். ஆபத்து மிகுந்தவர்க்குப் பயன் இதைவிட மிகப் பெரிது. ஆபத்துக் குறைந்தவர் இதையும் தட்டில் வைத்து எடைபோடலாம். கருவுற்றிருக்கும் பெண்களும் கருவுற எண்ணுவோரும் பாலூட்டுவோரும் மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும். பிற மருந்துகள், நாட்டு மருந்துகள் உட்பட, எல்லாவற்றையும் காட்ட வேண்டும். சில மருந்துகள் ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தீங்கு செய்யும்.

மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. பீடியை விடுவது மாத்திரைக்கு ஈடான பேருதவி. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய்ப் பலகாரமும் வனஸ்பதியும் குறையட்டும். மீன் நல்லது, கருவாட்டில் உப்பு மிகுதி. உப்பு கொலஸ்ட்ராலைக் கூட்டாது. இரத்த அழுத்தத்தைக் கூட்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊருக்கெல்லாம் உப்பு வாரித்தரும் நாம் நம் உலையில் அளந்து போடுவோம். எனினும் வெயிலில் வியர்த்து உழைப்போர் எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்க.

கேட்க வேண்டிய ஐந்து

மருத்துவரிடம் செல்லும்போது ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்லுங்கள். ஒன்று: எனக்குப் பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து 100 க்கு எவ்வளவு? இரண்டு: மாத்திரை உண்டால் அது எவ்வளவாகும்? மூன்று: பீடியை விட்டு, இரத்த அழுத்தத்தை அடக்கினால் எவ்வளவாகும்? சில மாதம் அதைச் செய்து பார்த்துப் பின் முடிவெடுக்கலாமா? நான்கு: எந்தத் தொல்லை வந்தால் பொறுக்கலாம், எது வந்தால் உடனே வர வேண்டும்? ஐந்து: மறு பரிசோதனை எப்போது, எவ்வளவு காலம் உண்ண வேண்டும், விலையின்றி எங்கே கிடைக்கும்?

கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு நேரம் குறைவு என்பதையும் நாம் மறக்கக் கூடாது. எழுதிச் சென்ற தாள் அவருடைய நேரத்தையும் காக்கும். பணிவோடு கேளுங்கள், ஆனால் கேளுங்கள். கேட்டறிந்தபின் “எடுத்துக்கொள்கிறேன்” என்பதும் முடிவு. ஆபத்துக் குறைந்தவர் “இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்” என்பதும் முடிவு. இரண்டையும் மருத்துவர் அறியச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு துணை சுகாதார நிலையத்திற்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ வருவோர்க்கு முதலுதவியாக 14 மாத்திரைகள் தர ஏற்பாடு செய்யப்பட்டது: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் கண்ட அந்த வேளை ஐந்து கேள்வி கேட்கும் வேளையன்று. 108 ஐ அழைத்து விரையும் வேளை. நிதானமாகக் கேட்க வேண்டியவற்றை நலமாக இருக்கும் இந்நாளிலேயே கேட்டுவிடுவோம்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு பணி தருகிறேன். வடகிழக்குப் பருவமழை பெய்து உப்பளம் ஓய்ந்திருக்கும் மாதங்களில், பெரியோர்க்குச் சற்று நேரம் இருக்கும். உங்கள் தெருவில் 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் மருத்துவச் சீட்டையும் அவர்கள் இசைவோடு படித்துச் சொல்லுங்கள். எண்களை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதித் தாருங்கள். ஐந்து கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். துணையின்றித் தயங்குவோர்க்குத் துணையாகச் செல்லுங்கள். ஆனால் அவர்களுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள், உடல் அவர்களுடையது. “இந்த மாத்திரையை நிறுத்து” என்றோ “இதை வாங்கிப் போடு” என்றோ சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, பக்கத்து வீட்டாருக்கும் இல்லை, எனக்கும் இம்மேடையிலிருந்து இல்லை.

ஒரு காலத்தில் நம் நாடியைப் பிடித்துப் பார்க்கவும் மறுத்தார்கள். இன்று அதே மேசையின் எதிர்நாற்காலி நமக்கு உரியது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, நம் உடலைப் பற்றி நாம் கேட்டு, விளங்கிக்கொண்டு முடிவெடுப்போமாக. வெள்ளி விழாக் கண்ட இக்கழகம் பொன் விழாக் காணும்போது, இப்போது என் எதிரே வீற்றிருக்கும் பெரியோர் பலரும் அன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது என் பேராவல்.